மரம் எண்ணப் போனவர்!

குட்டீஸ்... உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை மரங்கள் இருக்கின்றன? வேம்பு நாலு, புங்கை ரெண்டு, வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லி விடுவீர்கள்.

ஒரு காட்டில் எத்தனை மரங்கள் என்று கேட்டால்? அதுவும் ஒரு மாவட்டம் அளவுக்கு விரிந்து கிடக்கும் மலைக்காடு. வண்டி போகப் பாதை கிடையாது. சரியான வரைபடமும் கிடையாது.

இந்த வேலையை, 1909ல், 22 வயது இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தனர். அந்த வேலையின் நடுவே அவர் செய்த ஒரு காரியம், கடைசி வரை அவர் மனதை விட்டு அகலவே இல்லை. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைத் தெரிந்து கொள்ளுங்கள்.

அவர் பெயர் ஆல்டோ லியோபோல்ட். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில், 1887 ஜனவரி 11ல் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய உயரமான மேட்டின் மேல் வீடு. முன்னோர் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் என்பதால், வீட்டில் ஜெர்மன் மொழி பேசினர்.

அப்பா கார்ல், வால்நட் மரத்தில் எழுது மேஜைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். வேட்டையில் பிரியம் உள்ளவர். அந்தக் காலத்தில் எத்தனை வாத்துகளைச் சுட்டாலும் கேட்பார் இல்லை. ஆனால், கார்ல் தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக் கொண்டார். கூடு கட்டும் வசந்த காலத்தில் பறவைகளைச் சுடுவதில்லை. மற்ற நாட்களிலும் அளவோடு நிறுத்திக் கொள்வது. இதற்கெல்லாம் சட்டம் வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

அப்பாவின் பின்னாலேயே சதுப்பு நிலங்களில் சுற்றிய சிறுவன் ஆல்டோ, பார்த்த பறவைகளை எல்லாம் நோட்டில் எழுதி வைப்பான். எழுதி வைக்கும் பழக்கம் அவரைச் சாகும் வரை விடவில்லை.

புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில், வனவியல் படித்தார் ஆல்டோ. 1909ல் பட்டம் பெற்றதும், அமெரிக்க வனத்துறையில் வேலை கிடைத்தது. அந்தத் துறையே தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், 'தேசியப் பூங்கா' வேறு, 'தேசியக் காடு' வேறு. பூங்காவில் மரம் வெட்டி விற்க முடியாது. தேசியக் காடு அப்படி இல்லை. அது மக்களின் சொத்து. அதில் இருந்து மரமும் வேண்டும், புல்லும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். எடுத்துக் கொண்டே இருக்க வேண்டும். ஆனால், தீர்ந்து போகவும் கூடாது.

எப்படி முடியும் என்கிறீர்களா?

உங்களிடம் 100 ஏக்கர் காடு இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு மரம் முற்றி, பலகை அறுக்கத் தயாராக 100 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரே ஒரு ஏக்கர் மட்டும் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் புதுக் கன்றுகள் முளைக்க விடுங்கள். நூறாவது ஏக்கரை வெட்டி முடிக்கும்போது, முதல் ஏக்கரில் மரங்கள் மறுபடி முற்றி நிற்கும். காடும் இருக்கும், மரமும் கிடைக்கும். வெட்டுத் திட்டம் என்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

சொல்ல சுலபம், செய்யக் கடினம். ஏனென்றால், நிஜக் காட்டில் ஒரு பக்கம் பெரிய மரம், ஒரு பக்கம் சின்ன மரம், ஒரு பக்கம் வெறும் பாறை. எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எதை வெட்டுவது? ஆகவே, முதல் வேலை கணக்கெடுப்பு.

அரிசோனாவில் உள்ள அபாச்சே தேசியக் காட்டுக்கு ஆல்டோவை அனுப்பினர். அரிசோனா அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. வந்து சில வாரங்களே ஆன அந்தப் புது ஆளை, கணக்கெடுக்கும் குழுவுக்குத் தலைவர் ஆக்கி விட்டனர்.

காட்டில் எல்லா மரங்களையும் எண்ண முடியாது அல்லவா? அதற்கு ஒரு வழி உண்டு. திசைகாட்டியைக் கையில் வைத்துக் கொண்டு, நேர்கோட்டில் நடக்க வேண்டும். எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்பதையும் எண்ணிக் கொண்டே போக வேண்டும். கோட்டின் இரு பக்கமும், குறிப்பிட்ட அகலத்துக்குள் நிற்கும் மரங்களை மட்டும் அளப்பர். அடிமரத்தை நெஞ்சு உயரத்தில் அளந்து, உயரத்தைக் கணித்தால், அதில் எத்தனை 'பலகை அடி' மரம் தேறும் என்று தெரிந்து விடும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குல கனம்... இதுதான் ஒரு பலகை அடி. கோடுகளில் கண்டதை வைத்து, மொத்தக் காட்டுக்கும் பெருக்கிக் கொள்வர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல.

கோடு போட்டுக் கொண்டு போகும் வழியில், பள்ளம் வந்தால் இறங்க வேண்டும். பாறை வந்தால் ஏற வேண்டும். பாண்டரோசா பைன் மரங்கள் நிறைந்த காடு அது. பகல் முழுக்க நடை, இரவில் கூடாரம்.

ஆல்டோ நன்றாகச் செய்தாரா? இல்லை. கணக்கில் தப்பு வந்தது. அவரைவிட அனுபவம் உள்ள குழுவினர் முணுமுணுத்தனர். அவர் மீது விசாரணையே நடந்தது! முதல் வேலையில் திட்டு வாங்கியவர்கள் எல்லாம் மனம் தளராதீர்கள். அடுத்த ஆண்டு அதே வேலையை மறுபடி கொடுத்தனர். அந்த முறை ஒழுங்காக முடித்துக் காட்டினார்.

அந்த முதல் கணக்கெடுப்பின்போதுதான், நான் முதலில் சொன்ன சம்பவம் நடந்தது.

ஒருநாள், மலையின் பாறை விளிம்பில் உட்கார்ந்து, மதிய உணவு சாப்பிட்டுக் கொண்டிருந்தனர். கீழே ஆறு சீறிப் பாய்ந்தது. மான் ஒன்று நீந்தி வருவது போலத் தெரிந்தது. கரையேறி உடம்பை உதறியபோதுதான் தெரிந்தது, அது ஓநாய். வளர்ந்த குட்டிகள் ஓடி வந்து, வாலை ஆட்டியபடி அதன் மேல் விழுந்து விளையாடின.

ஓநாயைக் கண்டால் சுட வேண்டும். அந்தக் காலத்தில் யாரும் இரண்டாவது முறை யோசித்ததில்லை. மாட்டையும், மானையும் தின்னும் பிராணி. அது குறைந்தால் மான் பெருகும். இதுதான் எல்லாருடைய கணக்கும். ஆல்டோவின் கணக்கும் அதுவே. துப்பாக்கிகளை எடுத்து, எல்லாரும் சரமாரியாகச் சுட்டனர்.

தாய் ஓநாய் விழுந்தது. ஒரு குட்டி, காலை இழுத்துக் கொண்டு பாறைகளுக்குள் நகர்ந்தது. ஆல்டோ ஓடி இறங்கிப் பார்த்தபோது, தாய் ஓநாய்க்கு உயிர் போகவில்லை. அதன் கண்களில் ஒரு பச்சை ஒளி இருந்தது. அவர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே அது மங்கி அணைந்தது.

உடனே மனம் மாறி விட்டார் என்று நினைக்கிறீர்களா? கதைகளில்தான் அப்படி நடக்கும். இவர் மாறவில்லை. இன்னும் பல ஆண்டுகள், கடைசி ஓநாய் வரை ஒழிக்க வேண்டும் என்று எழுதியும், பேசியும் வந்தார். வேட்டைக்காரர்களை ஒன்று சேர்த்தார்.

இடையில் அவர் உயிருக்கே ஆபத்து வந்தது. 1912ல், நியூ மெக்சிகோவில் உள்ள கார்சன் தேசியக் காட்டுக்குத் தலைமை அதிகாரி ஆனார். அப்போது வயது 25. அதே ஆண்டு எஸ்டெல்லா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். 1913 ஏப்ரலில், மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்க்கக் குதிரையில் போனவர், மழையிலும், குளிரிலும் மாட்டிக் கொண்டார். நனைந்த படுக்கையிலேயே தூங்கினார். வீடு திரும்பும்போது முகமும், கை கால்களும் வீங்கி விட்டன. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு மேல் ஓய்வு. அதன்பின் முன் போல மலைக்காட்டில் அலைய முடியவில்லை, அலுவலக வேலைதான். வீட்டில் படுத்திருந்த நாட்களில் நிறையப் படித்தார், நிறைய யோசித்தார்.

திரும்பி வந்ததும், வன விலங்குகள் பற்றிய பொறுப்பைக் கேட்டு வாங்கிக் கொண்டார். சாலையே போடாமல், இயற்கையாக விட்டு வைக்க வேண்டிய இடங்களும் தேசியக் காடுகளுக்குள் இருக்க வேண்டும் என்று வாதாடினார். அதன் பலனாக, 1924ல், நியூ மெக்சிகோவில் கிலா என்ற பகுதி அப்படி ஒதுக்கப்பட்டது. பல லட்சம் ஏக்கர்! தேசியக் காட்டில் இப்படி ஒதுக்கப்பட்ட முதல் பகுதி அதுதான்.

அதே சமயத்தில், அரிசோனாவில் கைபாப் என்ற பீடபூமியில் இருந்து கெட்ட செய்தி வந்தது. அங்கே மான்களைக் காப்பாற்றுவதற்காக, பூமா, ஓநாய், கயோட்டி என்று இரைகொல்லிகளை எல்லாம் ஆண்டுக்கணக்கில் சுட்டுத் தள்ளினர். மான்கள் பெருகின. எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் 30 ஆயிரம் என்றனர். சிலர் ஒரு லட்சம் என்றனர். எண்ணிக்கை எதுவானாலும், எட்டிய உயரம் வரை இலையைத் தின்று தீர்த்து விட்டு, குளிர்காலத்தில் மான்கள் பட்டினியால் செத்தது மட்டும் உண்மை.

ஆல்டோவின் பழைய கணக்கு தப்பத் தொடங்கியது.

அவர் 1924ல் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மாடிசன் நகருக்குக் குடி போனார். 1928ல் வனத்துறையை விட்டு விலகி, பல மாநிலங்களில் ஊர் ஊராகப் போய், வன விலங்குகள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தார். 1933ல், வன விலங்கு மேலாண்மை பற்றிப் பெரிய பாடநூல் ஒன்றை எழுதினார். அதே ஆண்டு, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இந்தப் பாடத்துக்கென்றே ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி, அவரை அமர்த்தியது. அமெரிக்காவில் இதுவே முதல் முறை.

அந்தப் பாடநூலில் என்ன இருந்தது? ஒரு பிராணியைச் சுடாமல் விட்டால் மட்டும் போதாது. அதற்கு இடம் வேண்டும் என்றார். சாப்பாடு, தண்ணீர், ஒளிந்து கொள்ள மறைவு. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சாப்பாடு ஒரு மைல் தள்ளி, மறைவு இன்னொரு மைல் தள்ளி என்றால், ஒரு காடை என்ன செய்யும், பாவம்! நடுவழியிலேயே பருந்துக்கு இரையாகும். அதனால்தான் காடும், புல்வெளியும், புதரும் சந்திக்கும் ஓரங்களில் காடைகள் அதிகம் இருக்கின்றன என்று கண்டார்.

இங்கேதான் மரம் வெட்டுவதற்கும், விலங்குகளுக்கும் முடிச்சு விழுகிறது. கோடரியும், கலப்பையும், மாடும், நெருப்பும், துப்பாக்கியும்தான் வன விலங்குகளை அழித்தன. அதே கருவிகளை யோசித்துப் பயன்படுத்தினால், அவற்றைத் திரும்பக் கொண்டு வரலாம் என்றார் அவர்.

எப்படி? அடர்ந்த காட்டில் அங்கங்கே சிறு சிறு பகுதியாக வெட்டினால், வெயில் தரையில் விழும். புல் முளைக்கும்; பழச்செடிகள் வரும். அதைத் தின்னப் பறவையும், மானும் வரும். ஒரேயடியாக மொட்டை அடித்தால் மறைவு போய் விடும். பொந்து விழுந்த கிழட்டு மரம், பலகைக்கு உதவாது. ஆனால், ஆந்தைக்கும், மரங்கொத்திக்கும் அதுதான் வீடு. அதை வெட்டாமல் விட வேண்டும். ஓடைக்கரை மரங்களை வெட்டினால் மண் சரிந்து ஓடை கலங்கும். மீன் போய் விடும். ஆக, எந்த மரத்தை வெட்டுவது என்று குறிக்கும் அதே ஆள், எதை விட்டு வைப்பது என்றும் குறிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான காட்சியை, 1935ல் ஜெர்மனியில் பார்த்தார். வனவியலுக்கே பிறந்த வீடு என்று பேர் வாங்கிய நாடு அது. அங்கே பல இடங்களில், பழைய கலப்புக் காட்டை அழித்து, வரிசை வரிசையாக ஸ்பூரூஸ் மரம் மட்டும் நட்டிருந்தனர். பலகைக்கு நல்ல விலை கிடைத்ததே காரணம். ஓநாய் கிடையாது, மான்களோ ஏராளம். அவற்றுக்கு மனிதர்களே தீனி போட்டனர். தரையில் செடி, கொடி எதுவும் இல்லை. புதுக் கன்று வைத்தால், மானுக்குப் பயந்து வேலி போட வேண்டியிருந்தது. ஊசி இலைகள் மக்காமல் கிடந்து மண் கெட்டது. அடுத்த தலைமுறை மரங்கள் சரியாக வளரவில்லை. மரக்கணக்கு மட்டும் பார்த்த காட்டில், கடைசியில் மரமே ஏமாற்றி விட்டது!

அதே ஆண்டு, விஸ்கான்சின் ஆற்றங்கரையில் பயிர் செய்து சீரழிந்து போன பண்ணை ஒன்றை வாங்கினார் ஆல்டோ. அங்கு எஞ்சி நின்றது ஒரு கோழிக் கொட்டகை மட்டுமே. எருவை அள்ளிக் கொட்டி, சுத்தம் செய்து, அதையே குடிசை ஆக்கினார். வார விடுமுறை என்றால், மனைவி, ஐந்து பிள்ளைகளோடு அங்கே கிளம்பி விடுவார். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகளை நட்டனர். ஆரம்பத்தில் நட்டவை வறட்சியில் கருகின. மறுபடி நட்டனர். விடியும் முன் எழுந்து, காபிப் பானையோடு வெளியே உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதலில் பாடுகிறது என்று எழுதி வைப்பார். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேர், பின்னாளில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியில் உறுப்பினர் ஆயினர் என்பது இன்னொரு சேதி.

இனி வருவதுதான் அவர் வாழ்க்கையின் கஷ்டமான பகுதி.

1940களில், விஸ்கான்சின் காடுகளில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி விட்டன. அங்கேயும் ஓநாய்கள் அனேகமாக ஒழிந்து விட்டன. பனிக்காலத்தில் மான்கள் கூடும் இடங்களுக்குப் போய்ப் பார்த்த குழுவுக்கு ஆல்டோதான் தலைவர். எட்டும் உயரத்துக்கு மேல்தான் பச்சை இருந்தது. குட்டிகள் எட்ட முடியாமல் பட்டினி கிடந்து இறந்திருந்தன. நாளைய காடாக வேண்டிய சின்னஞ்சிறு கன்றுகள் தின்னப்பட்டு மொட்டையாக நின்றன.

மான்களைக் குறைத்தே ஆக வேண்டும். பெண் மான்களையும் வேட்டையாட அனுமதிக்க வேண்டும் என்றார் ஆல்டோ. 1943ல் அப்படியே செய்தனர். அந்தப் பருவத்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான மான்கள் சுடப்பட்டன. மாநிலமே கொதித்தது. அவரைத் திட்டுவதற்கு என்றே ஒரு பத்திரிகை நடத்தினர்! வாழ்நாள் முழுக்க விலங்குகளுக்காக உழைத்தவரை, மான்களின் எதிரி என்றனர். அவ்வளவு மான்களைச் சுடத்தான் வேண்டுமா என்று உங்களுக்கும் தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை. அந்த வேலையைச் சத்தம் இல்லாமல் செய்து வந்த ஓநாய்களை மனிதன் ஒழித்து விட்டான். அதனால் துப்பாக்கி செய்ய வேண்டி வந்தது. அவர் வேதனையும் அதுதான்.

அப்போது அவர் தன் அனுபவங்களைச் சிறு சிறு கட்டுரைகளாக எழுதி வந்தார். அவற்றைப் படித்த பழைய மாணவர் ஹோக்பாம், கடிதம் போட்டார். எல்லாரையும் குறை சொல்கிறீர்களே, ஓநாயை ஒழித்ததில் உங்களுக்கும் பங்கு உண்டே, அதை ஏன் எழுதவில்லை என்ற கருத்தில் கேட்டிருந்தார். மாணவர் ஆசிரியரைப் பார்த்துக் கேட்ட கேள்வி!

ஆல்டோ கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. 1944 ஏப்ரலில் உட்கார்ந்து, அந்தப் பாறை விளிம்பையும், ஆற்றையும், தாய் ஓநாயின் கண்ணில் அணைந்த பச்சை ஒளியையும் எழுதினார். தான் சுட்டதையும், அப்போது தான் நினைத்தது தவறு என்பதையும் மறைக்காமல் எழுதினார். ஓநாய்க்கு மான் பயப்படுவது போலவே, மானுக்கு மலை பயப்படுகிறது என்பது அதன் சாரம். மான் தின்ற மலையில் மரம் வர, பல பத்தாண்டுகள் ஆகுமே!

கட்டுரைகளைப் புத்தகமாக்கப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பி விட்டனர். கடைசியாக, 1948 ஏப்ரல் 14ல், ஒரு பதிப்பகம் ஏற்றுக் கொண்டதாகத் தொலைபேசியில் சேதி வந்தது. மகிழ்ச்சியோடு, மரம் நடக் குடிசைக்குக் கிளம்பினார்.

ஒரே வாரம். ஏப்ரல் 21 காலையில், பக்கத்துப் பண்ணையில் புகை தெரிந்தது. காய்ந்த புல்லில் தீ, தான் நட்ட பைன் மரங்களை நோக்கி வருவதைப் பார்த்தார். மனைவிக்கும், மகளுக்கும் ஆளுக்கு ஒரு வேலை சொல்லி விட்டு, தண்ணீர்ப் பம்பைத் தூக்கிக் கொண்டு தீயை அணைக்கப் போனார். அங்கே மாரடைப்பு வந்து இறந்தார். வயது 61.

புத்தகம் 1949ல் வெளியானது. இதுவரை 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் திட்டம் போடும்போது, மரத்தோடு வன விலங்குகளையும், தாவர வகைகளையும், நீரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று, 1976ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது.

1998 மார்ச்சில், கூண்டில் வளர்த்த 11 மெக்சிகோ ஓநாய்களைக் காட்டில் திறந்து விட்டனர். அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் 2023 கடைசியில் எடுத்த கணக்கின்படி, அவை குறைந்தது 257 ஆகியிருந்தன. அந்தப் 11 ஓநாய்களைத் திறந்து விட்ட இடம் எது தெரியுமா? ஆல்டோ லியோபோல்ட், 22 வயதில் மரம் எண்ணப் போன அதே அபாச்சே காடு!